இன்ட்ரோ கரையட்டும், பக்கம் குதிக்காம இருக்கட்டும்



சிம்போசியம் சீசன் வந்தாச்சு. ஒவ்வொரு டிபார்ட்மென்ட்லயும் யாரோ ஒருத்தர் தலையில "வெப்சைட் உன் பொறுப்பு"ன்னு கட்டியிருப்பாங்க. கூடவே ஒரு ஆசையும் சொல்லியிருப்பாங்க: "ஓபன் பண்ணினதும் லோகோ அப்படியே வரைஞ்சு வரணும், அப்புறம் மெதுவா கரைஞ்சு உள்ள பக்கம் தெரியணும், சினிமா மாதிரி." கேட்க சின்ன வேலை மாதிரி இருக்கும். ஆனா செஞ்சு பார்த்தா, ஒரு இடத்துல வெள்ளையா பளிச்னு அடிக்கும், ஒரு போன்ல திக்கும், இன்ட்ரோ போன பிறகும் ரெஜிஸ்டர் பட்டன் வேலை செய்யாது. கடைசி நாள் ராத்திரி 11:50க்கு பேப்பர் பிரசன்டேஷனுக்குப் பெயர் கொடுக்க வர்ற ஒரு ஃபர்ஸ்ட் இயர் பொண்ணுக்கு இது அழகு சமாச்சாரம் இல்லை. அவளுக்கு அந்தப் பட்டன் அமுங்கணும், அவ்வளவுதான்.

அதனால இந்தக் கட்டுரையில ஒரே ஒரு வேலையை எடுத்து முழுசா பார்க்கப் போறோம்: அனிமேட் ஆகுற இன்ட்ரோவை, கீழே இருக்கிற பக்கத்துக்குள்ள தடங்கல் இல்லாம கரைக்கிறது. ஹெச்டிஎம்எல், சிஎஸ்எஸ் அடிப்படை தெரிஞ்சா போதும். கோடு வரிகளை அப்படியே காப்பி அடிக்கிற மாதிரி தரலை. என்ன எழுதணும், ஏன் எழுதணும்னு சொல்றேன். எடிட்டர்ல அடிக்கிறது உங்க கை.

பழைய கதை கொஞ்சம்

இன்ட்ரோ ஆசை நம்ம காலத்துல பிறந்தது இல்லை. 1996ல ஃபியூச்சர்ஸ்பிளாஷ்னு ஒரு அனிமேஷன் மென்பொருள் வந்தது. மேக்ரோமீடியா அதை வாங்கி ஃப்ளாஷ்னு பெயர் மாத்தினாங்க. அடுத்த பத்து வருஷம் நகைக்கடையில இருந்து சினிமா படம் வரைக்கும் எல்லா சைட்டுக்கும் முன்னாடி ஒரு ஃப்ளாஷ் இன்ட்ரோ, அதுக்குக் கீழே "ஸ்கிப் இன்ட்ரோ"ன்னு ஒரு குட்டி லிங்க். பயன்பாட்டு நிபுணர் ஜேக்கப் நீல்சன் 2000ல ஃப்ளாஷைக் கடுமையா விமர்சிச்சு எழுதினது அந்தக் காலத்துல பெரிய விவாதம். கடைசியில 2020 டிசம்பர் 31ஓட அடோபி ஃப்ளாஷுக்கு ஆதரவை நிறுத்திருச்சு.

அந்த இன்ட்ரோக்கள்ல பெரும்பாலானது தனிப் பக்கம். இன்ட்ரோ முடிஞ்சதும் பிரவுசர் அடுத்த பக்கத்துக்குத் தாவும், நடுவுல ஒரு வெள்ளைத் திரை. இதைத் தவிர்க்க சில பேர் ஃப்ளாஷை அதே பக்கத்து மேலயே மிதக்க விட்டாங்க. அங்கே வேற தொல்லை: ஃப்ளாஷ் பிளகின் வழக்கமா தனக்குன்னு ஒரு ஜன்னல் போட்டு வரையும், நம்ம இசட்-இன்டெக்ஸ் எதையும் மதிக்காது. டபிள்யூமோடு அப்படிங்கிற செட்டிங்கை டிரான்ஸ்பரன்ட்னு மாத்தினாத்தான் கீழே இருக்கிற பக்கம் தெரியும். மாத்தின பிறகும், படம் முழுசா மறைஞ்ச பின்னாடி கூட அந்தக் கண்ணுக்குத் தெரியாத செவ்வகம் மேலயே உட்கார்ந்து எல்லா கிளிக்கையும் முழுங்கும். ஃப்ளாஷ் போயிருச்சு, இந்தப் பிரச்சனை மட்டும் போகலை. கீழே மறுபடியும் சந்திப்போம்.

அடுக்கு எப்படி இருக்கணும்

முதல் முடிவு: இன்ட்ரோவுக்குத் தனிப் பக்கம் வேண்டாம். பக்கம் வழக்கம் போல அது பாட்டுக்குக் கீழே இருக்கட்டும். இன்ட்ரோ ஒரு டிவ். அதுக்கு பொசிஷன் ஃபிக்ஸ்டு, இன்செட் 0, பெரிய இசட்-இன்டெக்ஸ், ஒரு பின்னணி நிறம். வீட்டு வாசல்ல திரை போட்ட மாதிரி. திரை விலகறதுக்குள்ள உள்ளே வீடு தயாரா இருக்கு.

இப்போ நிறைய பேர் செய்யற ஒரு விஷயம். "கிராஸ்ஃபேடு"ன்னா ஒண்ணு மறையணும், ஒண்ணு தோணணும், இல்லையா? அதனால இன்ட்ரோவோட ஒபாசிட்டியை 1ல இருந்து 0க்கும், பக்கத்தோட ஒபாசிட்டியை 0ல இருந்து 1க்கும் ஒரே நேரத்துல ஓட்டுவாங்க. நியாயமாத்தான் தெரியுது. ஆனா நடுவுல ஒரு வெளிச்சம் அடிக்கும். ஏன்னு கணக்கு போட்டுப் பார்ப்போம். எம்1 அளவுக்குக் கூட இல்லை, பிளஸ் டூ கணக்குதான்.

நேரத்தை டி-ன்னு வைப்போம், 0ல இருந்து 1 வரை. மேலே இருக்கிற இன்ட்ரோ தன் பங்கா 1−டி அளவு மறைக்குது. மிச்சம் டி அளவு வெளிச்சம் கீழே இறங்கி பக்கத்தை அடையுது. பக்கம் அந்த மிச்சத்துல டி பங்கை மட்டும் எடுக்குது, அதாவது டி-ஸ்கொயர். அப்போ டி × (1−டி) எங்கே போச்சு? பக்கத்துக்கும் பின்னாடி இருக்கிற பாடி பின்னணிக்குப் போச்சு. நடுப்பகுதியில டி = 0.5. இன்ட்ரோ 50%, பக்கம் 25%, யாரும் கூப்பிடாத பின்னணி 25%.

எண் போட்டா இன்னும் உறைக்கும். இன்ட்ரோ அடர் நிறம், பிரைட்னஸ் 20ன்னு வைங்க. பக்கமும் டார்க் தீம், அதுவும் 20. பாடிக்கு நிறமே கொடுக்கலை, அதனால வெள்ளை, 255. நடுவுல கண்ணுக்குத் தெரியறது 0.75 × 20 + 0.25 × 255, கிட்டத்தட்ட 79. இருட்டுல இருந்து இருட்டுக்குப் போற வழியில 20 → 79 → 20ன்னு ஒரு சாம்பல் மின்னல். "எங்கேயோ பளிச்சுங்குது மச்சி, எங்கேன்னு தெரியலை"ன்னு சொல்வாங்களே, அது இதுதான்.

சினிமாவுல டிசால்வ் பண்ணும்போது இது ஏன் வர்றதில்லை? அங்கே ரெண்டு காட்சியும் ஒரே ஃபிலிம்ல பதியுது. ஒண்ணோட ஒளி குறையக் குறைய இன்னொண்ணோட ஒளி கூடுது, ரெண்டும் கூட்டினா முழுசு. பிரவுசர் கூட்டறது இல்லை, ஒண்ணு மேல ஒண்ணு அடுக்குது. கம்ப்யூட்டர் கிராஃபிக்ஸ்ல இதுக்கு "ஓவர்"னு பெயர். லூகாஸ்ஃபிலிம்ல வேலை பார்த்த தாமஸ் போர்ட்டர், டாம் டஃப் ரெண்டு பேரும் 1984ல எழுதின கட்டுரையில முறைப்படுத்தின விதி. இன்னைக்கும் உங்க போன்ல ஓடறது அந்த விதிதான்.

தீர்வு ரொம்ப சோம்பேறித்தனமானது: பக்கத்தைத் தொடவே தொடாதீங்க. அதோட ஒபாசிட்டி எப்பவும் 1. இன்ட்ரோ மட்டும் கரையட்டும். அப்போ இன்ட்ரோ 1−டி, பக்கம் டி, கூட்டினா 1. சினிமா டிசால்வ் கணக்கு தானா வந்திருச்சு, வேலையும் பாதி. இன்னொரு லாபம் இருக்கு. கூகுளோட எல்சிபி அளவீடு, அதாவது பக்கத்தோட பெரிய உள்ளடக்கம் எப்போ திரையில வருதுன்னு பார்க்கிற அளவு, 2.5 செகண்டுக்குள்ள இருக்கணும்னு சொல்றாங்க. ஒபாசிட்டி 0ல இருக்கிற எலிமென்டை அது கணக்குலயே எடுக்காது. பக்கத்தை 0ல வச்சுப் பூட்டினா அந்த மார்க்கும் போச்சு.

இதே அடுக்கு கணக்கு இன்னொரு இடத்துலயும் கடிக்கும். இன்ட்ரோவுக்குள்ள பின்னணி ஒரு எலிமென்ட், லோகோ இன்னொரு எலிமென்ட். ரெண்டுக்கும் தனித்தனியா ஃபேடு கொடுத்தா, பாதி வழியில பின்னணி வழியா பக்கம் 50% தெரியும். லோகோ இருக்கிற இடத்துல 25% தான் தெரியும். லோகோ கடைசி வரைக்கும் ஒரு கறை மாதிரி நிக்கும். அதுவே வேணும்னா சரி. வேண்டாம்னா ஒபாசிட்டியை வெளி டிவ்வுக்கு மட்டும் கொடுங்க. பிரவுசர் உள்ளே இருக்கிறதெல்லாம் ஒரே படமா சேர்த்து, அப்புறம் மொத்தமா கரைக்கும்.

ஒரு கோலம் போட்டுப் பார்ப்போம்

உதாரணத்துக்கு இன்ட்ரோவுல ஒரு சிக்கு கோலம் கோடு கோடா வரைஞ்சு வரணும்னு வைப்போம். எஸ்விஜி பாத் ஒண்ணு. அதுக்கு பாத்-லெங்த் அப்படிங்கிற ஆட்ரிபியூட்டை 1ன்னு கொடுங்க; கோட்டோட உண்மையான நீளத்தை அளக்கிற வேலை மிச்சம். ஸ்ட்ரோக்-டேஷ்அரே 1, ஸ்ட்ரோக்-டேஷ்ஆஃப்செட் 1ல இருந்து 0. 2 செகண்ட் ஓட்டினா கை வைச்சு இழுத்த மாதிரி கோலம் வரும். இந்த அனிமேஷனுக்கு ஃபில்-மோடு ஃபார்வர்ட்ஸ் கண்டிப்பா போடுங்க. போடலைன்னா 2வது செகண்ட் முடிஞ்ச அடுத்த ஃப்ரேம்ல கோலம் மொத்தமா அழிஞ்சு ஆரம்ப நிலைக்குப் போயிரும், அப்புறம் வெறும் பின்னணி கரையும்.

இப்போ முக்கியமான கேள்வி: கரைய ஆரம்பிக்கச் சொல்றது யார்? பெரும்பாலும் ஜாவாஸ்கிரிப்ட்ல ஒரு செட்-டைம்அவுட் போட்டு கிளாஸ் மாத்துவாங்க. நான் வேண்டாம்னு சொல்வேன். ஹாஸ்டல் வைஃபைல ஸ்கிரிப்ட் ஃபைல் ஒண்ணு பாதியில நின்னா, இல்லை வேற யாரோ எழுதின வரியில எரர் அடிச்சா, இன்ட்ரோ நிரந்தரமா மேலயே நிக்கும். பக்கம் கீழே பத்திரமா இருக்கும், யாரும் பார்க்க முடியாது. அதனால கரையற வேலையை முழுசா சிஎஸ்எஸ் கிட்டயே கொடுத்திடுங்க. வெளி டிவ்வுக்கு ஒரு கீஃப்ரேம் அனிமேஷன்: கால அளவு 600 மில்லிசெகண்ட், டிலே 2.6 செகண்ட் (கோலம் 2 செகண்ட், முடிஞ்சதும் பார்த்து ரசிக்க 0.6), ஃபில்-மோடு ஃபார்வர்ட்ஸ். ஜாவாஸ்கிரிப்ட் செத்தாலும் திரை விலகும்.

கீஃப்ரேமோட முடிவுல ஒபாசிட்டி 0 மட்டும் போட்டா போதாது. இங்கேதான் அந்த ஃப்ளாஷ் காலத்துப் பேய் திரும்பி வருது. ஒபாசிட்டி 0ன்னா கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவுதான். எலிமென்ட் அங்கேயேதான் இருக்கு. கிளிக் எல்லாம் அதுலதான் விழும். டேப் கீ அடிச்சா அதுக்குள்ள இருக்கிற ஸ்கிப் பட்டனுக்கு ஃபோகஸ் போகும். ஸ்கிரீன் ரீடர் வச்சிருக்கிறவங்களுக்கு அது வாசிக்கும். நம்ம ஃபர்ஸ்ட் இயர் பொண்ணு ரெஜிஸ்டர் பட்டனை அமுக்கிக்கிட்டே இருப்பா, 11:58, 11:59.

டிஸ்பிளே நன் போடலாமேன்னு தோணும். டிஸ்பிளே ரொம்ப நாளா அனிமேட் ஆகாத பிராப்பர்ட்டி. உடனே போயிரும், கரையாது. 2023ல இருந்து குரோம்ல அதையும் அனிமேட் பண்ண வழி வந்திருக்கு, மத்த பிரவுசர்களும் பின்னாடி வந்தாங்க. ஆனா எல்லார் கையிலயும் புது போன் இல்லை. பழசும் உறுதியானதும் ஒண்ணு இருக்கு: விசிபிலிட்டி. இதோட நடத்தை நமக்குன்னே செஞ்ச மாதிரி. விசிபிள்ல இருந்து ஹிடனுக்கு அனிமேட் பண்ணினா, நடுவுல முழுக்க விசிபிளாவே இருந்து, கடைசி நொடியில மட்டும் ஹிடன் ஆகும். ஹிடன் ஆன பிறகு கிளிக் இல்லை, ஃபோகஸ் இல்லை, ஸ்கிரீன் ரீடரும் பார்க்காது. ஆக முடிவு கீஃப்ரேம்ல ரெண்டு வரி: ஒபாசிட்டி 0, விசிபிலிட்டி ஹிடன்.

கரையற அந்த 600 மில்லிசெகண்ட்லயும் கிளிக் கீழே போகணும்னா, ஆரம்பம், முடிவு ரெண்டு கீஃப்ரேம்லயும் பாயின்டர்-ஈவென்ட்ஸ் நன் சேருங்க. டிலே நேரத்துல கீஃப்ரேம் அமல்ல இருக்காது. அதனால கோலம் வரையும்போது இன்ட்ரோ கிளிக்கை வாங்கும், கரைய ஆரம்பிச்சதும் விட்டுரும்.

ஸ்கிப் பண்ண விடுங்க

இன்ட்ரோ போட்டீங்கன்னா ஸ்கிப் கட்டாயம். பட்டன் ஒண்ணு மூலையில இருக்கட்டும், எஸ்கேப் கீயும் வேலை செய்யட்டும். என்னைக் கேட்டா இன்னும் ஒரு படி மேல போகலாம்: யாராவது ஸ்க்ரோல் பண்ண முயற்சி பண்ணினாலே, திரையில எங்கே தொட்டாலும், அதை "போதும்பா"ன்னு எடுத்துக்கோங்க. சினிமா தியேட்டர்ல மாதிரி யாரையும் உட்கார வைக்க நமக்கு உரிமை இல்லை.

ஸ்கிப் அமுக்கினா என்ன நடக்கணும்? உடனே வெட்டக் கூடாது, அங்கே இருந்து கரையணும். இங்கே ஒரு குழி. அனிமேஷன் டிலேயை 0ன்னு மாத்துற கிளாஸ் ஒண்ணு சேர்த்தா போதும்னு நினைப்போம். ஆனா அனிமேஷனோட கடிகாரம் பக்கம் திறந்ததுல இருந்தே ஓடிக்கிட்டு இருக்கு. 1 செகண்ட் ஓடின நிலையில டிலே 0ன்னு மாத்தினா, 600 மில்லிசெகண்ட் அனிமேஷன் எப்பவோ முடிஞ்சிருக்கணும்னு பிரவுசர் கணக்கு போடும். கரையாம சட்டுனு மறைஞ்சிரும். சரியான வழி, கடிகாரத்தையே முன்னாடி தள்றது. இன்ட்ரோ எலிமென்ட்ல கெட்-அனிமேஷன்ஸ் கூப்பிட்டா அந்த அனிமேஷன் ஆப்ஜெக்ட் கிடைக்கும். அதோட கரன்ட்-டைம் 2600க்குக் குறைவா இருந்தா 2600ன்னு வைங்க. டிலே முடிஞ்ச இடத்துக்குத் தாவி, அங்கே இருந்து அழகா கரையும். கோலம் பாதியில இருந்தாலும் பரவாயில்லை, வரைஞ்சுக்கிட்டே கரையறது பார்க்க நல்லாத்தான் இருக்கு.

முடிஞ்ச பிறகு இன்ட்ரோ டிவ்வை டிஓஎம்ல இருந்து எடுத்திடலாம். அதுக்கு அனிமேஷன்-எண்ட் ஈவென்டைக் கேளுங்க. ஒரு எச்சரிக்கை: இந்த ஈவென்ட் மேல மிதந்து வரும். கோலத்தோட பாத் 2வது செகண்ட்ல முடிக்கும்போது விடுற ஈவென்டும் வெளி டிவ்வுக்கு வந்து சேரும். டார்கெட் வெளி டிவ்தானான்னு பார்க்காம எடுத்தா, கோலம் முடிஞ்ச நொடியே இன்ட்ரோ காணாம போகும், ஃபேடே இருக்காது.

சில பேர் இன்ட்ரோ ஓடும்போது கீழே பக்கத்துக்கு இனெர்ட் போட்டு, டேப் கீ உள்ளே போகாம தடுப்பாங்க. நல்ல எண்ணம். ஆனா அந்தப் பூட்டை ஹெச்டிஎம்எல்ல நேரடியா எழுதாதீங்க, ஜாவாஸ்கிரிப்ட் போடட்டும். எடுக்கிறதுக்கு அனிமேஷன்-எண்டை மட்டும் நம்பாதீங்க. அந்த ஈவென்ட் வராமலே போற சந்தர்ப்பம் இருக்கு. உதாரணமா, அசைவு வேண்டாம்னு செட்டிங் வச்சிருக்கிறவங்களுக்கு இன்ட்ரோவை டிஸ்பிளே நன் பண்ணிட்டீங்க. அனிமேஷன் ஓடவே இல்லை, முடியவும் இல்லை. இனெர்ட் அப்படியே இருக்கும், பக்கம் முழுக்கக் கல்லு. யாருக்காக அக்கறையா ஒரு வசதி செஞ்சோமோ அவங்களுக்கு மட்டும் சைட் வேலை செய்யாது. அதனால "முடி"ன்னு ஒரு ஃபங்ஷன் எழுதி, அனிமேஷன் முடிவு, 4 செகண்ட் டைமர், ரெண்டுல எது முதல்ல வந்தாலும் அதைக் கூப்பிடுங்க. ஸ்கிப் பண்ணினா கடிகாரம் தாவுறதால அனிமேஷன் முடிவு சீக்கிரமே வந்திடும். ரெண்டு தடவை கூப்பிட்டாலும் கெடாத மாதிரி எழுதுங்க.

இன்ட்ரோவுக்கு வீடியோ வச்சாலும் இதே புத்திதான். ஐபோன் லோ பவர் மோடுல இருந்தா வீடியோ தானா ஓடாது, எண்டட் ஈவென்டும் வராது. பேட்டரி 8%ல இருக்கிறவன் உங்க முதல் ஃப்ரேமையே பார்த்துக்கிட்டு இருப்பான்.

திக்காம ஓட

60 ஹெர்ட்ஸ் திரையில ஒரு ஃப்ரேமுக்கு 16.7 மில்லிசெகண்ட். 600 மில்லிசெகண்ட் ஃபேடுக்கு 36 ஃப்ரேம். பழைய பாணியில செட்-இன்டர்வல் வச்சு 30 மில்லிசெகண்டுக்கு ஒரு தடவை 0.05 குறைச்சா 20 படிதான் கிடைக்கும், அதுவும் மெயின் த்ரெட் சும்மா இருந்தாத்தான். சைட் திறக்கிற நேரத்துல மெயின் த்ரெட் சும்மா இருக்கவே இருக்காது. ஸ்கிரிப்டைப் படிக்கும், லேஅவுட் போடும். 200 மில்லிசெகண்ட் அடைச்சுக்கிட்டா 12 ஃப்ரேம் காலி.

சிஎஸ்எஸ் ஒபாசிட்டி அனிமேஷன் அப்படி இல்லை. பிரவுசர் இன்ட்ரோவை ஒரு தனி லேயரா ஜிபியுவுக்குக் கொடுத்திடும், கலக்கிற வேலையை காம்போசிட்டர் த்ரெட் பார்த்துக்கும். மெயின் த்ரெட் மூச்சு முட்டினாலும் ஃபேடு ஓடும். ஆனா கோலத்தோட டேஷ்ஆஃப்செட்டுக்கு இந்தச் சலுகை கிடையாது, ஒவ்வொரு ஃப்ரேமும் மெயின் த்ரெட்ல மறுபடி வரையணும். கோலம் முடிஞ்ச பிறகே ஃபேடு ஆரம்பிக்கச் சொன்னதுக்கு அதுவும் ஒரு காரணம். ஃபேடு கூடவே ப்ளர் ஃபில்டர் சேர்க்கிற ஆசையும் வரும். லேப்டாப்ல வெண்ணெய் மாதிரி ஓடும், எட்டாயிரம் ரூபாய் போன்ல எடுத்து ஓட்டிட்டு முடிவு பண்ணுங்க.

வில்-சேஞ்ச் எல்லா இடத்துலயும் தூவாதீங்க. 1080 × 2400 திரை முழுக்க ஒரு லேயர்னா, பிக்சலுக்கு 4 பைட் வீதம் சுமார் 10 எம்பி. ஒண்ணு தாங்கும். பத்து எலிமென்டுக்குப் போட்டா சின்ன போன் தாங்காது. இன்ட்ரோ முடிஞ்சதும் டிவ்வை எடுக்கச் சொன்னது இதுக்காகவும்தான்.

ஈசிங்கைப் பத்தி அதிகம் கவலைப்பட வேண்டாம், ஈஸ்-இன்-அவுட் போதும். பிரவுசர் நிறத்தைக் கலக்கிறது எஸ்ஆர்ஜிபி எண்கள்ல. கருப்பும் வெள்ளையும் பாதிப் பாதி கலந்தா 128 வரும், அது உண்மையான ஒளி அளவுல கிட்டத்தட்ட 21 அல்லது 22% தான், ஆனா நம்ம கண்ணுக்கு நடுவாத்தான் படும். அதனால லீனியர் கூட ஃபேடுக்கு மோசம் இல்லை. கால அளவு 400ல இருந்து 800 மில்லிசெகண்டுக்குள்ள இருக்கட்டும். 2 செகண்ட் கரைச்சா ரெண்டு பக்கமும் கலந்து எதையும் படிக்க முடியாத குழம்புதான் நடுவுல இருக்கும்.

கீழே இருக்கிற பக்கம் ஆடக் கூடாது

ஃபேடு கச்சிதமா இருந்தும் "ஏதோ சரியில்லை"ன்னு தோணினா, குற்றவாளி பெரும்பாலும் கீழே இருப்பான். திரை பாதி விலகும்போது படம் லோடு ஆகி எழுத்தைக் கீழே தள்ளும், இல்லை வெப்ஃபான்ட் வந்து தலைப்பு ரெண்டு வரியா மடங்கும். எல்லா படத்துக்கும் விட்த், ஹைட் எழுதுங்க. முதல் திரையில வர்ற ஃபான்டை ப்ரீலோடு பண்ணுங்க. இன்ட்ரோ ஓடுற 2.6 செகண்ட் நமக்கு இலவசமா கிடைச்ச நேரம், அதுல இதெல்லாம் வந்து சேரட்டும்.

டெஸ்க்டாப்ல இன்னொரு குதி இருக்கு. இன்ட்ரோ ஓடும்போது பாடிக்கு ஓவர்ஃப்ளோ ஹிடன் போட்டு ஸ்க்ரோலைப் பூட்டுவாங்க. விண்டோஸ்ல ஸ்க்ரோல்பார் காணாம போகும். பூட்டைத் திறந்ததும் அது திரும்ப வந்து பக்கத்தையே பதினைந்து பிக்சல் போல இடதுபக்கம் தள்ளும். ஸ்க்ரோல்பார்-கட்டர் ஸ்டேபிள்னு ஒரு வரி இதைத் தீர்க்கும். நான் சொன்ன மாதிரி ஸ்க்ரோலையே ஸ்கிப்பா எடுத்துக்கிட்டா பூட்டே தேவைப்படாது.

நிறமும் கவனிங்க. ராத்திரி இருட்டு ரூம்ல கருநீல இன்ட்ரோ கரைஞ்சு வெள்ளைப் பக்கம் வந்தா முகத்துல டார்ச் அடிச்ச மாதிரி. இன்ட்ரோவோட பின்னணியும் பக்கத்தோட மேல்பகுதி நிறமும் ஒண்ணாவோ பக்கத்துலயோ இருந்தா, பாதி வேலை நிறமே செஞ்சிடும். பாடிக்கும் அதே நிறம் கொடுத்திடுங்க.

யாருக்கு, எத்தனை தடவை

போன்ல "ரெட்யூஸ் மோஷன்", ஆண்ட்ராய்டுல "ரிமூவ் அனிமேஷன்ஸ்"னு ஒரு செட்டிங் உண்டு. உள்காதுச் சமநிலைக் கோளாறு இருக்கிறவங்களுக்குத் திரையில பெரிய அசைவு பார்த்தா தலை சுத்தும், குமட்டும். ப்ரிஃபர்ஸ்-ரெட்யூஸ்டு-மோஷன் மீடியா கொயரியில இன்ட்ரோவை எடுத்திடுங்க. எல்லாருக்குமான ஒரு எல்லையும் இருக்கு: ஒரு செகண்டுக்கு மூணு தடவைக்கு மேல எதுவும் மின்னக் கூடாதுன்னு டபிள்யூசிஏஜி விதி சொல்லுது. வலிப்பு வரும் ஆபத்துக்காக வச்ச விதி. "க்ளிட்ச் எஃபெக்ட்" ஆசை இருக்கிறவங்க இதைப் படிச்சிட்டுப் போங்க.

அடுத்து, ஒருத்தருக்கு ஒரு தடவை காட்டினா போதும். ஈவென்ட்ஸ் பக்கம் போயிட்டு ஹோமுக்குத் திரும்பினா மறுபடி கோலம் போட்டா எரிச்சல்தான் வரும். செஷன்-ஸ்டோரேஜ்ல ஒரு குறி வைங்க. அதைப் பார்க்கிற குட்டி ஸ்கிரிப்ட் ஹெட் பகுதியில, நேரடியா எழுதினதா இருக்கணும். ரூட் எலிமென்டுக்கு ஒரு கிளாஸ் போட்டு, சிஎஸ்எஸ் அதைப் பார்த்து இன்ட்ரோவை மறைக்கட்டும். பக்கத்தோட அடியில வச்சா இன்ட்ரோ ஒரு கணம் தலைகாட்டிட்டுப் போகும். அதே ஸ்கிரிப்ட்ல இன்னொரு வரி: அட்ரஸ்ல ஹேஷ் இருந்தா, அதாவது வாட்ஸ்அப்ல யாரோ நேரா ரெஜிஸ்டர் பகுதிக்கு லிங்க் அனுப்பியிருந்தா, இன்ட்ரோவே வேண்டாம்.

சோதிக்கிறதுக்கு குரோம் டெவ்டூல்ஸ் போதும். அனிமேஷன்ஸ் பேனல்ல வேகத்தை 10% ஆக்கினா 600 மில்லிசெகண்ட் 6 செகண்டா விரியும், அந்தச் சாம்பல் மின்னல் இருந்தா ஒளிய இடமே இருக்காது. ரெண்டரிங் டேப்ல ரெட்யூஸ்டு மோஷனைப் போலியா இயக்கி, ரெஜிஸ்டர் பட்டன் அமுங்குதான்னு பாருங்க. பர்ஃபார்மன்ஸ் பேனல்ல சிபியுவை 6 மடங்கு மெதுவாக்கி ஒரு தடவை. ஜாவாஸ்கிரிப்டை மொத்தமா அணைச்சு ஒரு தடவை. கடைசியா மவுஸை ஓரமா வச்சிட்டு, பக்கத்தைத் திறந்து, டேப், டேப், என்டர்னு கீபோர்டாலயே ரெஜிஸ்டர் ஃபார்ம் வரைக்கும் போய்ப் பாருங்க. இந்த அஞ்சும் பாஸ் ஆச்சுன்னா லிங்கை டிபார்ட்மென்ட் குரூப்ல போடலாம்.